குல்மார்க் ஃபேஸ்-2: கயிறு தாண்டி இறங்குறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்?

#1 · மஞ்சை_மிதிவண்டி · மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர், கடலூர் ரெண்டு, பாண்டி ரெண்டு. காஷ்மீர் குல்மார்க்ல பேசிக், இன்டர்மீடியட் ரெண்டு ஸ்கீ கோர்ஸும் முடிச்சாச்சு. வர்ற பிப்ரவரி கோண்டோலா (கேபிள் கார்) ஃபேஸ்-2, அதாவது ரெண்டாம் கட்டம் வரைக்கும் ஏறி, பிஸ்டுக்கு (கயிறு கட்டிப் பராமரிக்கிற ஸ்கீ பாதை) வெளியே, ட்ரங் ஊர் பக்கம் காட்டுக்குள்ள இறங்கலாம்னு பிளான். கறுப்பு ரன் (பிஸ்ட்லயே ரொம்பக் கஷ்டமானது) எல்லாரும் விழாம இறங்குவோம்.

கேள்வி மூணு. எவ்வளவு செங்குத்து வரைக்கும் போகலாம்? பீக்கன் (பனியில புதைஞ்ச ஆளை சிக்னல் வச்சுத் தேடற கருவி) நாலு பேருக்கும் வேணுமா, ரெண்டு இருந்தா போதுமா (வாடகையும் காசுதானே)? கைடு வர்றாரு, அதுக்கு மேல நாங்க என்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?

#2 · ழான்_முத்தியால்பேட்டை · கிரெனோபிள்

தம்பி, கறுப்பு ரன் இறங்குவீர்கள் என்பது உங்கள் கால்களைப் பற்றிய தகவல். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதலில் தெரிய வேண்டியது பனியைப் பற்றிய தகவல். பிஸ்டில் அந்தக் கவலையை உங்களுக்காக வேறு யாரோ பட்டுவிட்டார்கள்: மெஷின் ஓட்டி அழுத்தியிருப்பார்கள், மேலே தொங்கும் பனியை விடிகாலையில் வெடி வைத்து உதிர்த்திருப்பார்கள், சந்தேகம் இருந்தால் கேட்டை மூடியிருப்பார்கள். கயிற்றைத் தாண்டிய நொடியில் அந்த வேலை முழுக்க உங்கள் தலையில்.

ஆளைப் புதைக்கும் பனிச்சரிவு பெரும்பாலும் பாளமாகப் பெயர்வது. அது கிளம்பும் சாய்வு 30 முதல் 45 டிகிரி. அதிகம் கிளம்புவது 38ஐ ஒட்டி. 30க்குக் கீழே அடியில் விரிசல் ஓடினாலும் பாளத்தை உராய்வு பிடித்துக்கொள்ளும். 55, 60க்கு மேல் பனி சேரவே சேராது, விழ விழ உதிர்ந்துவிடும். வம்பு என்னவென்றால், பொடிப்பனியில் ஸ்கீ போட ருசியான சாய்வும் அதே 35தான். வீடு கட்டும் இடத்தில் லாரி மணல் கொட்டுமே, அந்த மேட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். காய்ந்த மணல் தானாக நிற்கும் கோணம் 34 அளவில் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்த மலைமுகம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளம் ஏன் பெயர்கிறது? ஜனவரியில் பனி கொஞ்சமாக விழுந்து, அப்புறம் வானம் வெளுத்து இரவுக் குளிர் கடுமையாகப் போகிறது. தரையோரம் 0 டிகிரி, மேலே மைனஸ் 15. 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இப்படியே சில நாள் நீடித்தால், உள்ளே இருக்கும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத ரவையாக மாறிவிடும். பிறகு காற்றோடு பெரிய மழை மாதிரி பனி கொட்டி, அதன் மேல் கெட்டியான பாளம் கட்டுகிறது. வறுத்த ரவையைத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே ஒரு பச்சை அப்பளத்தை வைத்து, தாம்பாளத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அதுதான்.

நீங்கள் ஸ்கீயோடு அந்த அப்பளத்தின் நடுவில் நிற்கிறீர்கள். எடை ரவையைத் தொட்ட இடத்தில் அடுக்கு நொறுங்கி, விரிசல் அடியிலேயே பக்கவாட்டில் ஓடும். பாளம் அறுபடும் கோடு பெரும்பாலும் உங்களுக்கு மேலே விழும். மனிதர் இறந்த பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பியவர் இறந்தவரோ, கூட வந்தவரோதான்.

#3 · உப்பளம்_தியோடலைட் · புதுச்சேரி

கோணம் என்று வந்துவிட்டதால் நுழைகிறேன். ரன் வரைபடத்தில் சில இடத்தில் சதவீதம் போட்டிருப்பார்கள், சில இடத்தில் டிகிரி. 100% என்றால் செங்குத்துச் சுவர் என்று நினைப்பவர்கள் உண்டு. 100% என்பது 45 டிகிரி. 60% என்பது 31 டிகிரி, 70% என்பது 35. "அறுபதுதானே" என்று இறங்கினால் பனிச்சரிவு மண்டலத்துக்குள் கால் வைத்தாயிற்று.

அளக்க மொபைல் போதும். ஸ்கீ குச்சியைச் சாய்வின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் மொபைலை வைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பில் படியுங்கள். மொபைல் குளிரில் செத்துவிட்டால் இரண்டு குச்சியே கருவி:

ஒரு குச்சியை, பிடி கீழ்ப்பக்கம் இருக்க, நேர் கீழ்நோக்கிப் படுக்க வைத்து அழுத்தி எடுங்கள், பனியில் தடம் விழும். அதன் முனையைத் தடத்தின் மேல்கோடியிலேயே ஊன்றி வைத்து, பிடியை மட்டும் தூக்குங்கள். இரண்டாவது குச்சியை அந்தப் பிடியிலிருந்து தூக்குநூல் மாதிரி தொங்கவிடுங்கள். தொங்கும் முனை பனியைத் தொடும் வரை முதல் குச்சியை ஏற்றி இறக்குங்கள். முனை தடத்தின் கீழ்க்கோடியில் சரியாகத் தொட்டால் சாய்வு 30 டிகிரி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், வேறு மந்திரம் இல்லை. கீழ்க்கோடியையும் தாண்டிக் கீழே தொட்டால், தாண்டும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 3 டிகிரி கூட்டுங்கள். குச்சி 120 செ.மீ. அளவில் இருந்தால் இந்தக் கணக்கு ஒழுங்காக வரும். இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மடக்குக் குச்சி என்றால் பூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#4 · மஞ்சை_மிதிவண்டி

அண்ணே அருமை. மொட்டை மாடி படிக்கட்டுல வச்சே பார்த்துட்டேன், 32 வந்துச்சு 😀 அப்ப நிக்கிற இடம் 28ன்னா நிம்மதியா போகலாமா?

#5 · உப்பளம்_தியோடலைட்

இல்லை. நிற்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? 28 டிகிரித் தரையில் நீங்கள் போக, தலைக்கு மேலே 38 டிகிரி முகம் இருந்தால் நீங்கள் இருப்பது அதன் பாதையில். ரவை அடுக்கு நன்றாகப் பரவியிருக்கும் நாளில் அடிவாரச் சமதளத்தில் நடப்பவர் மிதித்தாலே விரிசல் மேலே ஏறிப் போய்ப் பாளத்தை இழுத்து வரும். சராசரியைப் பார்க்காதீர்கள். அந்த முகத்தில் இருப்பதிலேயே செங்குத்தான பகுதி எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

#6 · வெள்ளிப்பீச் · தேவனாம்பட்டினம்

ரொம்ப பயமுறுத்தாதீங்க. பனிச்சரிவு அபாய எண் 1லிருந்து 5 வரைக்கும் போடறாங்க. 3ன்னா நடு. ஞாயித்துக்கிழமை குல்மார்க்ல பாதி பேர் 3லதான் இறங்கிட்டிருக்கான். ஏற்கெனவே ஸ்கீ தடம் பத்து இருந்தா அந்த முகம் தாங்குதுன்னுதானே அர்த்தம்?

#7 · ழான்_முத்தியால்பேட்டை

இரண்டுமே தப்பு, இரண்டுமே ஆளை அனுப்பி வைத்த தப்பு.

அந்த அளவுகோல் படிக்கட்டு மாதிரி சமமாக ஏறுவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அபாயம் பல மடங்காகக் கூடுகிறது. 3 என்றால், செங்குத்தான பல முகங்களில் ஒரே ஒரு ஆளின் எடைக்கே பாளம் கிளம்பலாம் என்று பொருள். 5 போட்ட நாளில் லிஃப்டே ஓடாது, யாரும் போகமாட்டார்கள். 3 போட்ட நாளில் வெயில் அடிக்கும், பனி பொடியாக இருக்கும், எல்லோரும் போவார்கள். அதனால்தான் ஆல்ப்ஸில் சாவு எண்ணிக்கை 3இல் குவிகிறது.

தடம் விஷயம்: பாளத்தின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நடுவில் ஒரு மீட்டர் கனமாக இருந்தால் உங்கள் எடை ரவை வரை போய்ச் சேராது. பாறை மேல், ஓரத்தில், மேடு திரும்பும் இடத்தில் 30 செ.மீ.தான் இருக்கும். பத்துப் பேர் நடுவில் போயிருப்பார்கள். பதினோராவது ஆள் கொஞ்சம் தள்ளிப் புதுத்தடம் போட ஆசைப்பட்டு அந்த மெல்லிய இடத்தைத் தொடுவார்.

எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பனிச்சரிவு அறிக்கையை மூடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த முகம், என்ன வகைப் பிரச்சினை (புதுப்பனியா, காற்று சேர்த்த பனியா, பழைய பலவீன அடுக்கா, ஈரப்பனியா), இதில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்சில் வானிலை நிறுவனம் மெத்தியோ-பிரான்ஸ் ஒவ்வொரு மலைத்தொகுதிக்கும் மாலை 4 மணி வாக்கில் மறுநாளுக்கானதை வெளியிடும். இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ.வின் பனிச்சரிவு ஆய்வகமான டிஜிஆர்இ (முன்பு சாசே என்று இருந்தது) மாவட்டம், உயரம் வைத்து எச்சரிக்கை தருகிறது. மாவட்ட அளவு எச்சரிக்கை நீங்கள் நிற்கும் ஓடையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கே போனபின் உள்ளூர் பட்ரோலிடம் (ஸ்கீ பகுதியின் பாதுகாப்பு ரோந்துக் குழு) காலையில் கேட்டே ஆக வேண்டும்.

#8 · குருசுகுப்பம்_ரோஸ் · புதுச்சேரி

வெள்ளிப்பீச் தம்பிக்கு ஊர்க்கணக்கு சொல்கிறேன். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க் கிலன்மார்கில் பனிச்சரிவில் இறந்த 17 பேர் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளியில் பயிற்சியில் இருந்தவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் மலையில் போலந்து ஸ்கீக்காரர்கள் இருவர் இறந்தார்கள், பலரை மீட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவர். மூன்றும் பிப்ரவரி. நீங்கள் டிக்கெட் போட்டிருக்கும் மாதம்.

ஃபேஸ்-2 உங்களை ஏறக்குறைய 3,980 மீட்டரில் இறக்கிவிடுகிறது. கோண்டோலாவுக்குக் கீழே இருக்கும் பெரிய கிண்ணத்தில்தான் பட்ரோல் வேலை நடக்கிறது. வலமும் இடமும் இருக்கும் கிண்ணங்கள், ஓடைகள் எல்லாம் வெறும் மலை. லிஃப்ட் இருக்கிறது என்பதால் அது பிஸ்ட் ஆகிவிடாது.

#9 · மஞ்சை_மிதிவண்டி

அக்கா, வயித்த கலக்குது. சரி, பீக்கன் கணக்கு சொல்லுங்க. ரெண்டு போதாதா?

#10 · ழான்_முத்தியால்பேட்டை

பீக்கன் இல்லாத ஆள் புதைந்தால் அவரைத் தேட உங்களிடம் ஒன்றும் இல்லை. பீக்கன் இருந்து புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) இல்லாத ஆள், "இங்கேதான் எங்கேயோ" என்று ஒரு அறை அகலத்துக்குத் தோண்டுவார். புரோப்பும் இருந்து ஷவல் (பனி அள்ளும் மண்வெட்டி) இல்லாதவர் கையால் பறிப்பார். நின்றுபோன பனிச்சரிவு சில நொடியில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், நகம் கூட இறங்காது. ஆக நாலு பேருக்கும் மூன்றும், கைடுக்கும் மூன்றும். வாடகைக்கு எடுத்தால் மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் பீக்கன்தான் வேண்டும் என்று கேளுங்கள். எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ். கம்பெனி மாறினாலும் ஒன்றோடொன்று பேசும். பழைய ஒற்றை ஆன்டெனாவைத் தள்ளிக்கொடுத்தால் வாங்காதீர்கள்.

புரோப் 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஷவல் அலகு அலுமினியமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் அந்த இறுகிய பனியில் வளைந்து எகிறும். நீளும் கைப்பிடி முதுகை மிச்சப்படுத்தும்.

பேட்டரி புது அல்கலைன். மேனுவலில் அனுமதி இல்லாமல் ரீசார்ஜபிள் போட்டால் மீட்டர் 80% காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடும். பீக்கனைப் பையில் வைக்காதீர்கள், பனி பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஜாக்கெட்டுக்கு உள்ளே, வாரோடு. மொபைல், ஸ்மார்ட் வாட்ச், சூடேற்றும் கையுறை எல்லாம், பீக்கன் சிக்னல் அனுப்பும் நிலையில் 20 செ.மீ. தள்ளி, தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளி. தேடும்போது அம்பு தறிகெட்டு ஆடினால் முதலில் சட்டைப்பையில் இருக்கும் மொபைலைச் சந்தேகப்படுங்கள்.

காலையில் கோண்டோலா ஏறும் முன் ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். பிறகு அவர் அனுப்பும் நிலைக்கு மாறியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பாதியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

#11 · வெள்ளிப்பீச்

இவ்ளோ தொல்லைக்கு, கைப்பிடியை இழுத்தா முதுகுல ஊதிக்கிற ஏர்பேக் பை ஒண்ணு வாங்கிட்டா மேலேயே மிதந்து வந்துடலாமே? வீடியோல அப்படித்தான் காட்றான்.

#12 · உப்பளம்_தியோடலைட்

மிதப்பது உண்மைதான், காற்று லேசானது என்பதால் இல்லை. பொரியும் பொட்டுக்கடலையும் கலந்த டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டு மேலே வரும். 150 லிட்டர் பையை ஊதினால் ஓடும் பனியில் நீங்கள் பெரிய துண்டு. அவ்வளவுதான்.

ஆனால் குலுக்கல் நின்றால் மேலே வருவதும் நின்றது. ஒடுங்கின ஓடைக்குள் விழுந்து மேலேயிருந்து இன்னும் பனி வந்து மூடினால் பை ஊதியபடியே புதைவீர்கள். பாறையிலோ மரத்திலோ மோதினால் பைக்கு அங்கே வேலையே இல்லை.

#13 · குருசுகுப்பம்_ரோஸ்

எண்ணாகச் சொன்னால்: மோசமாகச் சிக்கியவர்களில், ஊதிய ஏர்பேக் சாவு வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. அது பெரிய விஷயம், ஏளனம் வேண்டாம். ஆனால் ஐந்தில் ஒரு முறை பை ஊதவே இல்லை. அதில் பாதிக்கு மேல் பழுது காரணம் இல்லை. சிக்கியவர் கைப்பிடியை இழுக்கவில்லை, அல்லது இழுக்க முடியவில்லை. கைப்பிடி மார்பு வாரில் மடித்துவைத்தபடியே இருந்தது என்பதும் வழக்கமான கதை. லிஃப்டிலிருந்து இறங்கியதும் பிடியை வெளியே எடுப்பது, தொடைவாரைப் பூட்டுவது, இரண்டும் பழக்கமாக வேண்டும். தொடைவார் இல்லாவிட்டால் பை தலைக்கு மேலே உருவிக்கொண்டு போகும்.

இறப்பவர்களில் சுமார் கால்வாசி அடிபட்டே இறக்கிறார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலோர் மூச்சு முட்டி. 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 30 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவது கடினம். வாயில் பனி அடைக்கிறது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவருகிறது, வாய்க்கு முன்னால் பனி உருகி ஐஸ் முகமூடி ஆகிறது. குல்மார்க்கானாலும் சாமொனியானாலும் 10 நிமிடத்தில் மீட்புப்படை வந்து தோண்டாது. கூட வந்த மூன்று பேர்தான் உங்கள் மீட்புப்படை.

விமானத்தில் ஏர்பேக் சிலிண்டர் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கவுண்டரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், மின்விசிறி வகைக்கு இந்த சிலிண்டர் தொல்லை இல்லை.

#14 · மஞ்சை_மிதிவண்டி

ஒருத்தன் புதைஞ்சுட்டான்னு வைங்க. மூணு பேர் மேல நிக்கிறோம். நொடி நொடியா சொல்லுங்க யாராவது.

#15 · ழான்_முத்தியால்பேட்டை

முதலில் அவர் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பனி நின்றதும், மேலே இன்னொரு பாளம் தொங்குகிறதா என்று ஒரு பார்வை. பிறகு மூன்று பேரும் தேடும் நிலைக்கு மாறுங்கள். ஒருவர் மறந்தாலும் உங்கள் கருவிகள் அவரைத்தான் கண்டுபிடிக்கும். மூன்று பேர் இருந்தால் ஒருவர் போனில் சொல்லலாம். தனி ஆள் என்றால் முதலில் தேடல். போன் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தைக் கரைக்காதீர்கள்.

கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி. ஒருவருக்கொருவர் 40 மீட்டர் இடைவெளி, பனிச்சரிவின் ஓரத்திலிருந்து 20 மீட்டர். கையுறை, குச்சி, ஸ்கீ மேலே தெரிந்தால் இழுத்துப் பாருங்கள். சிக்னல் கிடைத்ததும் அம்பு காட்டும் வழியில் ஓடுங்கள். அது நேராகப் போகாது, வளைந்து கூட்டிப்போகும், அது சரிதான். கருவி காட்டும் எண் (ஏறத்தாழ மீட்டரில் தூரம்) குறைய வேண்டும். கூடினால் எதிர்த்திசையில் போகிறீர்கள். எண் 10க்கு வந்ததும் வேகத்தைப் பாதியாக்குங்கள். 3க்கு வந்ததும் பீக்கனைப் பனியோடு ஒட்டிக் கொண்டுவாருங்கள். இங்கேதான் எல்லோரும் பதறிக் கெடுப்பார்கள். கருவியைத் திருப்பாமல், ஒரே முகமாக வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்த்தி மிகக் குறைந்த எண் எங்கே என்று பாருங்கள். பிறகு அந்த இடத்திலிருந்து இடமும் வலமும். மெதுவாக. மூக்கால் தேடும் நாய் மாதிரி.

மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் முதல் குத்து. புரோப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்வில் வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்தால் கீழே போகப் போக விலகும். பிறகு 25 செ.மீ. இடைவெளியில் சுருள் சுருளாக வெளியே போங்கள். பாறை டங் என்று மறுக்கும், தரை புதைந்து பிடிக்கும். உடம்பு மெத்தையைக் குத்தியது போலத் திருப்பித் தள்ளும். தட்டினால் புரோப்பை உருவாதீர்கள், அதுதான் குறி.

தோண்டுவது புரோப்பின் மேல்பக்கம் நின்றல்ல. புரோப்பில் ஆழத்தைப் படித்து, அதில் ஒன்றரை மடங்கு தூரம் கீழே இறங்கி நின்று, சாய்வுக்குள் கிடையாக நுழையுங்கள். மூன்று பேர் என்றால் முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இருவர் அந்தப் பனியைத் துடுப்பு போடுவது போலப் பின்னுக்குத் தள்ளுங்கள். தூக்கி வீசாதீர்கள். ஒரு மீட்டர் ஆழம் என்றாலே ஒரு டன்னுக்கு மேல் பனி. நிமிடத்துக்கொரு முறை முன்னால் இருப்பவரை மாற்றுங்கள். முதலில் முகம், வாய், பிறகு மார்பு. கால் கிடைத்தால் இழுக்காதீர்கள், தலை எந்தப் பக்கம் என்று கணக்கு போட்டு அங்கே போங்கள்.

#16 · உப்பளம்_தியோடலைட்

இதைப் படித்தால் வராது, கை பழக வேண்டும். பனி வேண்டாம், நம்ம கடற்கரையே போதும். டிபன் டப்பாவில் துணி சுற்றி, ஓடும் பீக்கனை வைத்து, காய்ந்த மணலில் ஒரு முழம் புதைத்துத் தேடலாம். அலை தொடும் ஈர மணலில் வேண்டாம்: உப்புத்தண்ணீர் அந்த அலைவரிசையை விழுங்கும், எண் தப்பாக வரும். கரண்ட் கம்பி, மீன்பிடிப் படகு எஞ்சின் பக்கத்திலும் வேண்டாம். மணல் இறுகிய பனியைவிடக் கனம், அதனால் தோண்டும் பழக்கத்துக்கு இலவச ஜிம்.

#17 · வெள்ளிப்பீச்

சரி ஒத்துக்கறேன். ஆனா பனியை வெட்டிப் பார்த்து டெஸ்ட் பண்ற முறை இருக்கே? 30க்கு 30 செ.மீ. தூண் வெட்டி, மேல ஷவல் வச்சு மணிக்கட்டால பத்து தட்டு, முழங்கையால பத்து, தோள்பட்டையால பத்து. முப்பதும் தாங்கிச்சுன்னா போகலாம்தானே?

#18 · ழான்_முத்தியால்பேட்டை

சோதனை சரி, முடிவு எடுக்கும் விதம் தப்பு. மூன்றாவது தட்டிலேயே தூண் சறுக்கிக்கொண்டு போனால் அன்றைய நாள் முடிந்தது, திரும்புங்கள். முப்பதும் தாங்கினால், அந்த ஒரு சதுர அடியில் தாங்கியது என்பது மட்டும்தான் தெரியும். இருபது மீட்டர் தள்ளி வேறு கதை. "வேண்டாம்" என்று சொல்ல அது உதவும். "போ" என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

தூண் வெட்டாமலே மலை சொல்லும் செய்திகள்தான் பெரியவை. பக்கத்து முகத்தில் நேற்றோ இன்றோ பெயர்ந்த பாளம். காலடியில் "வும்ஃப்" என்று உள்ளிறங்கும் சத்தம், அதோடு ஒரு சின்ன இறக்கம்: ரவை அடுக்கு அப்போதுதான் உங்கள் கீழே நொறுங்கியது. ஸ்கீ முனையிலிருந்து கண்ணாடி மாதிரி ஓடும் விரிசல். ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி, கூடவே காற்று. திடீரென்று ஏறும் வெப்பம். இதில் ஒன்று இருந்தாலும் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் வழியைத் தேடுங்கள்.

காற்று பற்றி இன்னொன்று. காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து ஒன்றும் விழாத நாளிலும் மறுபக்கத்தில் பாளம் வளரும். முகட்டில் கூரை இறவாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனி விளிம்பின் மேல் நின்று எட்டிப்பார்க்காதீர்கள். அது நீங்கள் நினைக்கும் இடத்தில் உடையாது, உங்களுக்குப் பின்னால் சமதளத்தில் உடையும்.

#19 · சொல்தா_பேரன் · உருளையன்பேட்டை, புதுச்சேரி

பனிச்சரிவு மட்டுமே பேசுகிறீர்கள். செங்குத்தில் வெறும் விழுகையே போதுமே? 45 டிகிரி ஓடையில் விழுந்தால் நிறுத்த முடியுமா?

#20 · உப்பளம்_தியோடலைட்

கணக்கே போட்டுவிடுவோம். 40 டிகிரி, கெட்டிப் பனி, நைலான் ஜாக்கெட், உராய்வு 0.1 என்று வைத்தால், மூன்று நொடியில் 25 மீட்டர் தாண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருப்பீர்கள். நிறுத்த முடிவது முதல் ஒரு நொடியில்தான்: ஸ்கீயைக் குறுக்கே கீழ்ப்பக்கம் கொண்டுவந்து விளிம்பை ஊன்றுவது, ஸ்கீ கழன்றுவிட்டால் குப்புறத் திரும்பி ஒரு குச்சியின் முனையோரம் இரு கையாலும் பிடித்துக் குத்துவது. அதற்குப் பிறகு கீழே என்ன இருக்கிறதோ அதுதான் உங்களை நிறுத்தும். ஆகவே இறங்கும் முன் கேட்க வேண்டியது "விழுவேனா" என்று இல்லை, "விழுந்தால் எங்கே போய் நிற்பேன்" என்று. கீழே விரிந்த சமதளம் என்றால் ஒரு பதில். பாறை, ஓடை, மரம் என்றால் வேறு பதில்.

வடக்கு முகத்தில் பொடியாக இருக்கும் பனி, வெயில் பட்ட தெற்கு முகத்தில் காலையில் கண்ணாடி, மதியம் சேறு. மார்ச்சில் தெற்கு முகம் என்றால் மேலே கொஞ்சம் இளகியதும் இறங்கி முடித்துவிட வேண்டும். பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் ஈரப் பனிச்சரிவுக்கு நேரமாயிற்று.

#21 · ழான்_முத்தியால்பேட்டை

சேர்க்க வேண்டியது: குச்சி வாரைக் கையில் மாட்டாதீர்கள், பனி குச்சியைப் பிடித்தால் கையையும் கீழே இழுக்கும். டூரிங் பைண்டிங்கின் (மலை ஏறவும் உதவும், பூட்ஸை ஸ்கீயோடு மாட்டும் பூட்டு) முன்பூட்டை ஏறும் நிலையில் பூட்டிவிட்டு அப்படியே இறங்கினால் ஸ்கீ கழலாது. பனிச்சரிவில் அது காலில் கட்டிய நங்கூரம். செங்குத்தில் உங்கள் ஸ்கீயே உதிர்க்கும் பொடி உங்களோடு கூட ஓடிவரும். நான்கைந்து திருப்பம் போட்டுப் பக்கவாட்டு மேட்டுக்கு ஒதுங்கி, அதை முன்னால் போக விடுங்கள்.

#22 · குருசுகுப்பம்_ரோஸ்

ட்ரங் காட்டுக்கு வருவோம். மரம் இருந்தால் பத்திரம் என்று நினைப்பீர்கள். ஸ்கீ போடும் அளவு இடைவெளி உள்ள மரக்காட்டில் பனிச்சரிவும் ஓடும். அதைவிட ஊசியிலை மரத்தடிக் குழி. கீழ்க்கிளைகள் குடை பிடிப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொத்தலாக இருக்கும். ஸ்கீ சறுக்கித் தலைகீழாக உள்ளே போனால், உதறும் ஒவ்வொரு உதறலுக்கும் மேலேயிருந்து பொடி கொட்டி மூடும். தானாக வெளியே வருவது மிக அரிது. சத்தமும் வெளியே கேட்காது.

அதனால் காட்டில் இரண்டு இரண்டு பேராக, ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டபடி. "கீழே சந்திப்போம்" என்பது காட்டில் செல்லாது. கீழே போய்ச் சேர்ந்து, ஆளைக் காணோம் என்று திரும்ப மேலே ஏற அரைமணி. விழுகிறோம் என்று தெரிந்தால் கிளையைக் கட்டிப்பிடியுங்கள். விழுந்தவரைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பக்கவாட்டில் தலை இருக்கும் இடத்துக்குத் தோண்டி முதலில் மூச்சுக்கு வழி.

உயரம்: கடல்மட்டத்திலிருந்து கிளம்பி மறுநாளே 3,980 மீட்டர். காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் சுமார் 60%. குல்மார்க் ஊரிலேயே (2,650 மீ.) இரண்டு ராத்திரி தங்கிவிட்டு மேலே போங்கள். தலைவலியோடு குமட்டல் இருந்தால் அன்று ஃபேஸ்-2 வேண்டாம்.

#23 · சொல்தா_பேரன்

லியோனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது ஆல்ப்ஸில் சாமொனி பக்கம் வாலே பிளான்ஷ் என்ற ஸ்கீ இறக்கத்துக்குப் போகலாம் என்று ஒரு எண்ணம். அது செங்குத்தே இல்லையாமே, 20 கி.மீ. நீண்ட இறக்கமாம். அப்ப ஆபத்து கம்மிதானே?

#24 · ழான்_முத்தியால்பேட்டை

சாய்வு கம்மிதான், அங்கே ஆபத்து காலுக்குக் கீழே. அது பனியாறு. பிளவுகளின் மேல் பனிப்பாலம் மூடியிருக்கும், வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி தெரியும். கைடோடு மட்டும். பீக்கன் செட்டோடு இடுப்பு வாரும் கட்டாயம், அதுவும் பையில் இல்லை, இடுப்பில். பிளவில் விழுந்தவருக்குக் கயிறு மாட்ட வேறு இடம் கிடையாது. போட்டோவுக்காக ஸ்கீயைக் கழற்றி நிற்காதீர்கள். ஸ்கீ உங்கள் எடையை நீளமாகப் பரப்புகிறது, பூட்ஸ் ஒரே இடத்தில் குத்துகிறது. கைடின் தடத்தை விட்டு இரண்டு மீட்டர்கூட விலக வேண்டாம்.

எந்த மலை என்றாலும் பிரான்சில் ஐ.ஜி.என். (அரசு வரைபட நிறுவனம்) சாய்வு வரைபடத்தை முந்தின இரவு பாருங்கள்: 30 முதல் மஞ்சள், 35 முதல் ஆரஞ்சு, 40 முதல் சிவப்பு, 45க்கு மேல் ஊதா. அவசரத்துக்கு 112. பி.ஜி.எச்.எம். (மலை மீட்புப் போலீஸ்) உயர்மலையில் வந்து தூக்கினால் பொதுவாகக் காசு கேட்பதில்லை. பிஸ்டிலும், லிஃப்டை ஒட்டிய வெளிப்பகுதியிலும் ஸ்டேஷன் பட்ரோல் வந்து இறக்கினால் பில் உண்டு. இன்சூரன்ஸ் தாளில் "பிஸ்டுக்கு வெளியே, கைடு இல்லாமல்" என்ற வரி என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள்.

#25 · வெள்ளிப்பீச்

காஷ்மீர் போறவங்களுக்கு ரெண்டு நம்ம ஊர் விஷயம். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, நாலு பேர்ல ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டா இருங்க. பிரான்ஸ் மாமா குடுத்தார்னு சாட்டிலைட் மெசஞ்சர் எடுத்துட்டுப் போகாதீங்க. லைசென்ஸ் இல்லாம இந்தியாவுல அது சட்டவிரோதம், ஏர்போர்ட்லயே பிடிச்சு வச்சிடுவாங்க.

#26 · மஞ்சை_மிதிவண்டி

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. கைடு "போகலாம்"னு சொல்லி, எங்கள்ல ஒருத்தனுக்கு மட்டும் மனசு ஒப்பலைன்னா?

#27 · ழான்_முத்தியால்பேட்டை

கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்: ஒருவர் வேண்டாம் என்றால் நாலு பேருக்கும் வேண்டாம், காரணம் கேட்கப்படாது. மேலே போய்ப் பேச ஆரம்பித்தால் "இவ்வளவு செலவு பண்ணி வந்தோமே", "நாளைக்கு ஃப்ளைட்", "கைடுக்குத் தெரியாததா" மூன்றும் சேர்ந்து அந்த ஒருவரை அமுக்கிவிடும். கைடிடம் முந்தின மாலையே மூன்று கேள்வி: நாளைக்கு எந்த முகம், அதில் செங்குத்தான இடம் எத்தனை டிகிரி, பட்ரோல் என்ன சொன்னது. பதில் சொல்ல எரிச்சல்படும் கைடு வேண்டாம்.

இறங்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர். மற்ற மூவர் பனிச்சரிவு வர முடியாத மேட்டில் நின்று அவரையே பார்க்க வேண்டும். நடுச்சாய்வில் கூடி நின்று தண்ணீர் குடிக்கிற வழக்கத்தை பிஸ்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

#28 · உப்பளம்_தியோடலைட்

பீக்கன் மூன்று என் பொறுப்பு. ஞாயிறு காலை 6 மணி, வெயில் ஏறும் முன், சில்வர் பீச்சில் லைட் ஹவுஸ் பக்கம். ஷவல் கொண்டுவாருங்கள், கொத்தனார் கரண்டி செல்லாது. புதைப்பவர் இடத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டப்பாவைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் யார் பீக்கன் அது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

#29 · மஞ்சை_மிதிவண்டி

நாலு பேரும் வர்றோம்ண்ணே. புது அல்கலைன் பேட்டரி வாங்கியாச்சு.